வண்டியில் எத்தனை பேர்?

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். தருமன் சாகும்வரை இதில் ஒரு சொல்லைக்கூட மாற்றிச் சொன்னதில்லை. நள்ளிரவில் நடந்த கதையும் இல்லை இது. பட்டப்பகலில் நடந்தது. பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தர் உச்சிவேளை மணி அடித்து முடித்த பிறகு.

தருமன் திருப்பாலைவனத்துக் குடியானவன். நெல் மூட்டைகளை மாட்டுவண்டியில் ஏற்றிப் பழவேற்காட்டில் விற்று வருவான். வழியில் ஒரு சுங்கச் சாவடி. வண்டிக்கு ஒரு பணம், உட்கார்ந்து வரும் ஆளுக்கு ஒரு காசு. அந்த ஆண்டு விளைச்சல் பாதிதான். அதனால் சாலையை ஒட்டிய ஏரியில் தண்ணீர் வற்றிய நேரமாகப் பார்த்து, சாவடிக்கு முன்பே வண்டியைச் சேற்றில் இறக்கிச் சுற்றிப் போய்விடுவான். எங்கே தரை கெட்டி, எங்கே புதைசேறு என்று அவனுக்கு அத்துப்படி.

சாவடி ஆள் பெருமாளுக்கு அந்தச் சேற்றுத் தரை தெரியாது.

ஒருநாள் பெருமாள் அவனைப் பார்த்துவிட்டான். "யோவ், வண்டிய நிறுத்து!" என்று கத்திக்கொண்டே துரத்தினான். தருமன் மாடுகளை விரட்டினான். பின்னால் 'சளக்' என்று ஒரு சத்தம்.

"யண்ணா... காலு மாட்டிக்கிச்சு. கைய குடுண்ணா."

தருமன் திரும்பிப் பார்த்தான். பெருமாள் தொடைவரை புதைந்து நின்றான். கிட்டே போனால் பிடித்துக்கொள்வான். வண்டியும் மாடும் பறிபோகும். எப்படியும் ஏறி வந்துவிடுவான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, தருமன் ஓட்டிப் போய்விட்டான்.

மறுநாள் பெருமாளைக் காணோம். வேலையை விட்டு ஓடிவிட்டான் என்றார்கள். தருமன் வாயைத் திறக்கவில்லை. சோறும் இறங்கவில்லை. மனைவி மணியம்மாள் "இன்னாய்யா ஆச்சு உனுக்கு?" என்று கேட்டால், மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவான்.

எட்டாம் நாள் நெல்லை விற்றுவிட்டு வெறும் வண்டியோடு திரும்பினான். சேற்றுப் பக்கம் போக மனம் வரவில்லை. சாலை வழியே வந்தான்.

கோட்டையில் மணி அடித்து ஓய்ந்தது. காற்று நின்றது.

வெறும் வண்டிதான். ஆனால் மாடுகள் பாரம் இழுப்பதுபோல் திணறின. வண்டி பின்பக்கம் சாய்ந்தது. நுகத்தடி மெல்ல மேலே எழும்பியது.

சேற்று நாற்றம்...

சொட்... சொட்...

அவன் திரும்பவில்லை.

சாவடி வந்தது. பெருமாளின் இடத்துக்குப் புதிதாக வந்திருந்த சிங்காரம் வண்டிக்குள் எட்டிப் பார்த்தான்.

"ஒரு பணம், ரெண்டு காசு."

"நான் ஒருத்தன்தானே?"

"பின்னால குந்திக்கினு கீறாரே, அவரு யாரு? ஒடம்பெல்லாம் சேறு. இந்த வெயில்ல இன்னாத்துக்கு இப்படி நடுங்குறாரு?"

தருமன் திரும்பினான்.

யாரும் இல்லை.

பலகை மட்டும் நனைந்திருந்தது.

அந்த இடத்திலேயே இறங்கி, சிங்காரத்தின் காலில் விழுந்து எல்லாவற்றையும் சொன்னான். மாலைக்குள் அவன் காட்டிய இடத்தில் தோண்டினார்கள். பெருமாள் நின்றபடியே இருந்தான். தலைக்கு மேலும் சேறு. ஒரு கை மட்டும் மேல்நோக்கி நீண்டிருந்தது.

தருமன் தன் மாடுகளைப் பெருமாளின் மனைவி லோகநாயகியின் வாசலில் கொண்டுபோய்க் கட்டினான். அவள் மாடுகளைப் பார்க்கவேயில்லை. "அன்னிக்கே வந்து சொல்லியிருக்கலாமேண்ணா" என்றாள். அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு அவன் நாளைக் கடத்தினான். பெருமாள் அந்த நிமிடமே செத்திருப்பான், தான் திரும்பிப் போயிருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாது என்று.

ஒரு மாதம் கழித்து, ஏரிக்கரைக் குப்பத்தில் மீன் விற்கும் குப்பம்மா அவனைச் சந்தையில் பார்த்தாள். அருகில் வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"மூணு ராத்திரி சேத்துலேர்ந்து குரல் வந்துச்சு. எங்கூட்டு ஆம்பளைங்க விளக்க எடுத்துக்கினு கெளம்புனாங்க. பேய் கூப்பிடுது, போவாதீங்கன்னு நான்தான் கதவச் சாத்தினேன்..."