பெட்டியை வெறுமையாக விடுங்கோ, அக்கா

போன கிழமை லண்டன் டூட்டிங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மட்டன் ரோல் வாங்க வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் இரண்டு இளந்தாரிகள். ஒருவன் கைபேசியை மற்றவனின் மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு, "நோ அண்ணா, ஹி வோன்ட் வின் தி பிரைமரி, ஐம் டெல்லிங் யூ" என்றான். மற்றவன் தலையை ஆட்டி மறுத்தான். அமெரிக்கக் கட்சிகள் சனாதிபதித் தேர்தலுக்கு முன்னர் தங்களுக்குள் வாக்கெடுத்து வேட்பாளரைத் தெரிவு செய்கின்றனவே, அதைப் பற்றித்தான் இவ்வளவு பேச்சும். ரோல் சூடாகி வருவதற்குள் விவாதம் முடிந்துவிட்டது. எனக்கு அது பெரிய ஏமாற்றமாக இருந்தது. நாங்கள் இதே விஷயத்தை மாதக்கணக்கில் பேசியவர்கள்.

கடைக்காரப் பெண் தந்த தாளில் கையைத் துடைத்தேன். எண்ணெய் போனது, மணம் போகவில்லை. கையில் மணம் நின்றுவிட்டால் எனக்கு எப்போதும் பெற்றோல் ஞாபகந்தான் வரும். லண்டனுக்கு வந்த புதிதில் ஸ்ட்ரெதமில் ஒரு பெற்றோல் நிலையத்தில் காலை ஷிப்ட் செய்தேன். கல்லாவில் நிற்பது, பம்படியில் யாராவது சிந்திவிட்டால் மணல் போட்டுக் கூட்டுவது, இரண்டும் என் பொறுப்பு. இரண்டு மணிக்கு வேலை முடிந்ததும் நேரே நூலகத்துக்குப் போவேன். அங்கே ஒருவருக்கு ஒரு மணி நேரம் கணினி இலவசம். பக்கத்தில் இருக்கும் வெள்ளைக்கார மனிதர் ஒருமுறை மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு நாற்காலியைக் கொஞ்சம் அப்பால் நகர்த்துவார். அதற்காக நான் என் பதவியை விட்டுக்கொடுக்க முடியுமா?

பதவி என்றா சொன்னேன்? ஓம், பதவிதான். லண்டன், பாரிஸ், டொரொன்டோ என்று சிதறிக் கிடந்தவர்கள் கூடிப் பேசிய ஒரு தமிழ் இணையக் கருத்துக்களத்தில் நான் மட்டுறுத்துநர். யார் எழுதுவது இருக்கலாம், எதை வெட்டலாம் என்று தீர்மானிக்கிற ஆள். யாரோடும் சண்டைக்குப் போகாதவன் என்ற ஒரே தகுதியில் அந்த வேலையைத் தந்திருந்தார்கள். காலையில் மேலாளர் துடைப்பத்தைக் காட்டுவார், நான் கூட்டுவேன். பின்னேரம் டொரொன்டோவில் இருந்து ஒரு டொக்டர் வாய்க்கு வந்தபடி எழுதுவார், நான் வெட்டிவிட்டு "மட்டுறுத்தப்பட்டது" என்று சிவப்பில் போடுவேன். அந்தச் சிவப்பு எழுத்து தந்த சுகத்தை இப்போது ஒப்புக்கொள்ள வெட்கமாக இருக்கிறது.

நூலகக் கணினியில் தமிழ் எழுத்துக் கிடையாது. ஒரு பக்கத்தில் ஆங்கில எழுத்தால் தட்டி, அது தமிழாக மாறியதும் பிரதி எடுத்துக் களத்தில் ஒட்டவேண்டும். திரையின் மூலையில் மிச்ச நிமிடங்கள் குறைந்துகொண்டே வரும். எங்கள் ஞானம் எல்லாம் அந்த ஒரு மணி நேரத்துக்குள் அடங்கவேண்டும். நானோ முதல் இருபது நிமிடத்தைச் சமையல் பகுதியில் போக்கிவிடுவேன்.

அது வன்னியில் போர் நெருங்கிக்கொண்டிருந்த காலம். அமெரிக்காவில் உட்கட்சித் தேர்தல் தொடங்கியதும் களத்தில் மற்ற எல்லாப் பேச்சும் அடங்கிவிட்டது. வேட்பாளர்களின் பெயரைத் தமிழில் எப்படி எழுதுவது என்பதிலேயே முதல் கிழமை போனது. கடைசியில் மூத்தவர், இளையவர் என்று வைத்துக்கொண்டோம். அவர்களுடைய வரித் திட்டம், வைத்தியத் திட்டம் ஒன்றும் எங்களுக்கு வேண்டாம். இந்த இருவரில் யார் கொழும்புக்குத் தொலைபேசி எடுத்து, சண்டையை நிறுத்து என்று சொல்லுவார்? அதுதான் கேள்வி. எங்களில் ஒருவருக்கும் அங்கே வாக்கு இல்லை என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை.

மூத்தவருக்காக வரிந்துகட்டி எழுதியவர் ஈசன் அண்ணை. பல வருடம் ஜேர்மனியில் இருந்து, அந்நாட்டுக் குடியுரிமையும் எடுத்து, பிறகு கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற இடத்துக்குக் குடிவந்தவர். குழாய் வேலை செய்தார். ஜேர்மனியில் பழகியதாலோ என்னவோ, எந்தப் படிவத்தையும் அடிக்குறிப்பு வரை படிப்பார். அவர் எழுதுவதும் படிவம் மாதிரியே நீளமாக இருக்கும். இளையவரின் ஆட்கள் அவரை "சட்டம்பி", அதாவது பள்ளிக்கூட வாத்தியார், என்று சீண்டுவார்கள். அவர் அதற்கும் இலக்கமிட்டுப் பதில் எழுதுவார்.

அந்த நேரத்தில்தான் பவானி அக்கா வந்தார். நியூயோர்க்கில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. தாயும் குமரன் என்ற தம்பியும் வன்னிக்குள் அகப்பட்டிருந்தார்கள். அவருக்கு அப்போதுதான் அமெரிக்கக் குடியுரிமை கிடைத்திருந்தது. "எனக்கு வோட் வந்திட்டுது. எங்கட சனத்துக்கு ஆர் நல்லதோ, களம் சொல்லுங்கோ, அவருக்கே போடுறன்" என்று எழுதினார்.

நீங்கள் அதைப் பார்த்திருக்கவேண்டும். களம் முழுவதற்கும் ஒரே ஒரு வாக்கு. பாரிஸில் இருந்து "அன்புள்ள அக்காவுக்கு" என்று கடிதம் வந்தது. அதுவரை ஒருவரையொருவர் முட்டாள் என்று அழைத்தவர்கள் அக்காவுக்கு முன்னால் பணிவாக வாதாடினார்கள். மூத்தவர் முன்பு எங்கே எதற்குக் கையுயர்த்தினார், இளையவர் எந்தப் பேச்சில் எதைச் சொல்லாமல் விட்டார் என்று தோண்டித் தோண்டி எடுத்துப் போட்டார்கள். அக்கா எல்லாவற்றையும் வாசித்துவிட்டு, ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லி, இரண்டு சந்தேகம் கேட்பார். அவ்வளவு கண்ணியமான விவாதத்தை அதற்குப் பிறகு நான் எங்கும் காணவில்லை.

ஒருநாள் எனக்குத் தனிமடல் போட்டார். "தம்பி, வாக்காளர் பதிவுப் படிவம் நிரப்புறன். எந்தக் கட்சி எண்டு ஒரு பெட்டி கிடக்கு. என்ன செய்ய?"

நான் யோசிக்கவே இல்லை. "பெட்டியை வெறுமையாக விடுங்கோ, அக்கா. ஒரு கட்சிக்கும் பேர் குடுக்காதேங்கோ" என்று எழுதினேன்.

இதை எப்படி உங்களுக்கு விளங்கப்படுத்துவது? ஊரில் எங்கள் வீட்டுக்கு ஒருமுறை கொப்பியோடு ஒருவர் வந்து பெயர் எழுதிக்கொண்டு போனார். சில மாதம் கழித்து வேறு சிலர் வந்து, அந்தக் கொப்பியில் யார் யார் பெயர் இருந்தது என்று கேட்டார்கள். அப்பா அன்றைக்குப் பட்ட பாடு எனக்குத் தெரியும். அந்தப் பயத்தோடு லண்டனுக்கு வந்தவன் நான். மின்சாரக் கட்டணம்கூட அறைத் தோழனின் பெயரில்தான் வரும். உள்ளூராட்சிக் கவுன்சிலில் இருந்து வாக்காளர் பதிவுக்காக வருகிற கடித உறைகளை உடைக்காமலே மேசை லாச்சிக்குள் தள்ளிவிடுவேன். பெயர் கொடுக்காமல் தப்பிய ஒவ்வொரு தடவையும் கெட்டித்தனமாக நடந்ததாக நினைத்துக்கொள்வேன்.

களத்தின் முதலாவது விதியும் அதுவேதான்: எவரும் எவரையும் எந்தக் கட்சியிலோ இயக்கத்திலோ சேரச் சொல்லக்கூடாது. பழைய கோபங்களோடு வந்தவர்கள் ஒரே இடத்தில் இருந்து பேச அந்த விதி தேவைப்பட்டது.

இரண்டு நாள் கழித்து ஈசன் அண்ணை ஒரு நீண்ட பதிவு போட்டிருந்தார். கணினியில் எனக்கு நான்கு நிமிடம் மிச்சம். "பவானி உடனே கட்சியில் பதியவேண்டும்" என்ற வரி கண்ணில் பட்டது. வெட்டினேன். சிவப்பு எழுத்தைப் போட்டேன். நேரம் முடிந்து திரை அணைந்தது.

அடுத்த நாள் அண்ணை தொலைபேசி எடுத்தார்.

"ஏன் ஐசே வெட்டினனீர்?"

"களவிதி, அண்ணை."

"வாசிச்சுப்போட்டோ வெட்டினனீர்?"

"ஓம்" என்றேன்.

"சரி. உம்மட களம்" என்று வைத்துவிட்டார். பிறகு அவர் எழுத வரவில்லை. நான் அதையும் என் நிர்வாகத் திறமை என்றே எடுத்துக்கொண்டேன்.

களம் கடைசியில் இளையவர் பக்கம் சாய்ந்தது. வாக்களிப்பு நாள் அன்று நான் கல்லாவில் நின்றேன். மூன்றாம் பம்புக்காரர் வங்கி அட்டையை நீட்டிக்கொண்டிருக்கும்போது பவானி அக்காவின் அழைப்பு வந்தது. அவருக்கு அங்கே காலைநேரம். வேலைக்குப் போகும் வழியில் போயிருக்கிறார்.

"தம்பி, எனக்கு வோட் இல்லையாம்."

"ஏன் அக்கா?"

"கட்சிப் பெட்டி வெறுமையாக் கிடக்காம். இண்டைய வோட், முந்தியே கட்சியில பதிஞ்ச ஆக்களுக்கு மட்டுந்தானாம்."

"இப்ப எழுதிக் குடுக்க ஏலாதோ?"

"இந்த முறைக்கு ஏலாதாம். கேட்டனான்." பிறகு சொன்னார், "அம்மாவுக்குச் சொல்லிப்போட்டன், தம்பி. போன மாசம் லைன் கிடைச்ச நேரம். உங்களுக்கும் குமரனுக்குமாக ஒரு வோட் போடப்போறன் எண்டு."

மூன்றாம் பம்புக்காரர் தொண்டையைச் செருமினார். அக்கா என்னை ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் ஏசவில்லை.

"நீங்கள் லண்டனில போடுறனீங்கள்தானே? அங்கயாவது உங்கட எம்பியிட்டைக் கேளுங்கோ" என்றார்.

"ஓம் அக்கா" என்றேன். அது என் இரண்டாவது பொய்.

அன்று நூலகத்துக்குப் போகவில்லை. ரயில் மாறி மாறிப் பார்க்கிங்குக்குப் போனேன். ஈசன் அண்ணை வாசலில் வானுக்குள் குழாய்த் துண்டுகளை அளவு பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, நான் வாசிக்காமல்தான் வெட்டினனான்."

"தெரியும்."

"நியூயோர்க்கில அப்பிடி ஒரு சட்டம் எண்டு எழுதியிருந்தனீங்களோ?"

"திகதியோட எழுதியிருந்தன். பவானி அண்டைக்குக் கட்சியை எழுதி அனுப்பியிருந்தா நேரம் கண்டிருக்கும்."

ஒரு பெட்டியைக் காட்டி இருக்கச் சொன்னார். பவானி அக்கா கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் சொன்னேன். விசாவில் இருக்கிற எனக்கு இங்கே வாக்கு ஏது என்றேன். அவர் குழாயைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இலங்கைப் பாஸ்போர்ட்தானே? பொதுநலவாய நாடு. விசா இருந்தாக் காணும், வந்த நாளில இருந்து உமக்கு எல்லா வோட்டும் இருக்கு. ஜேர்மன் பாஸ்போர்ட் வைச்சிருக்கிற எனக்குத்தான் பாராளுமன்றத்துக்குப் போட ஏலாது. கவுன்சிலோட சரி. நீர் அந்தக் கடிதங்களை உடைக்கிறேல்லையோ?"

நான் உடைப்பதில்லை. ஒரு கண்டம் தள்ளியிருந்த பெண்ணின் ஒற்றை வாக்கைப் பற்றி மாதக்கணக்கில் தீர்ப்புச் சொன்னவனின் வாக்கு, ஸ்ட்ரெதமில் ஒரு லாச்சிக்குள் உறையோடு கிடந்தது.

மறுநாள் காலை முதல் வேலையாகப் படிவத்தை நிரப்பினேன். அப்பாவின் பெயரோடு என் முழுப்பெயரை எழுதும்போது அந்தக் கொப்பியின் ஞாபகம் வந்தது உண்மை. வரட்டும் என்று எழுதி முடித்தேன். நூலகத்தில் ஈசன் அண்ணையின் பதிவை எடுத்த இடத்திலேயே திரும்பப் போட்டேன். அதன் கீழே, வாசிக்காமல் வெட்டினேன், பவானி அக்காவுக்குப் பிழையான புத்தி சொன்னவனும் நானே என்று புனைபெயரில்லாமல் எழுதினேன். மட்டுறுத்துநர் வேலையை விட்டேன். அடுத்த சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூட மண்டபத்தில், பிள்ளைகளை விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கும் பெற்றோருக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டு, வாக்காளர் பதிவுப் படிவங்களோடு இருந்தேன்.

முதல் நாள் வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள். "தம்பி, இந்தப் பேர் எங்க போகும்?" அந்தப் பயத்தைப் பார்த்துச் சிரிக்க எனக்கு உரிமை இல்லை. என் லாச்சியின் கதையைச் சொன்னேன், பவானி அக்காவின் கதையைச் சொன்னேன். சிலர் எழுதினார்கள். பலர் அடுத்த கிழமை பார்ப்போம் என்று போனார்கள். அடுத்த கிழமையும் நான் இருந்தேன். வாக்காளர் பட்டியலில் பெயர் வந்ததும், எங்கள் பகுதிப் பாராளுமன்ற உறுப்பினர் மக்களைச் சந்திக்கும் நாளில் போய், நான் உங்கள் வாக்காளன் என்று தொடங்கி வன்னியைப் பற்றிச் சொன்னேன். அவர் குறிப்பெடுத்தார், கடிதமும் எழுதினார். போர் நிற்கவில்லை. ஆனாலும் மேசையை எடுக்க நான் சம்மதிக்கவில்லை. இன்றைக்கும் சனிக்கிழமைகளில் என்னை அங்கே காணலாம். எழுதாமல் போகிறவரை வாசல் வரை தொடர்ந்து போய்ப் பேசுகிறேன் என்று ஒரு முறைப்பாடும் இருக்கிறது. அது உண்மைதான், நிறுத்தப்போவதில்லை.

அந்த வாக்களிப்புக்கு அடுத்த வருடம் வைகாசியில் போரோடு எல்லாம் முடிந்தது. பவானி அக்காவின் தாய் முகாமுக்கு வந்து சேர்ந்தார். குமரன் வரவில்லை. அக்கா அதன்பிறகு களத்தில் ஒன்றும் எழுதவில்லை. பெற்றோல் நிலையம் இருந்த இடத்தில் இப்போது மாடிவீடுகள். ஈசன் அண்ணை போன வருடம் காலமானார். களத்துக்கு ஆட்கள் குறைந்துகொண்டே போய், ஒருநாள் முகவரியைத் தட்டினால் சப்பாத்து விற்கிற பக்கம் வந்தது. அந்தக் கண்ணியமான விவாதம், நான் வெட்டியது, திரும்பப் போட்டது, கேட்ட மன்னிப்பு எல்லாம் அதோடு போயின. அதனால்தான் மன்னிப்பை இங்கே இன்னொருமுறை எழுதிவைக்கிறேன்.

போர் முடிந்த பிறகு நியூயோர்க்கில் மீண்டும் ஓர் உட்கட்சித் தேர்தல் வந்தது. அன்று நானே பவானி அக்காவை அழைத்தேன். போட்டீர்களா என்று கேட்கவே எனக்குப் பயமாக இருந்தது.

"போட்டனான், தம்பி" என்றார். "கட்சியெல்லாம் முந்தியே பதிஞ்சிட்டன். ஒரு பிரச்சினையும் இல்லை. உள்ளுக்குப் போய்த்தான் கன நேரம் நிண்டிட்டன். குமரனுக்கெண்டு வைச்சிருந்த வோட். இனி ஆருக்காகக் கேக்கிறது எண்டு தெரியேல்லை."