இரண்டு மாமாமாரும் ஒரு லப்டொப்பும்

கம்பியூட்டர் திருத்தும் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் பழுதோடு வருவார்கள், மீதிப்பேர் கட்சியோடு வருவார்கள். பழுதை நான் பார்த்துக்கொள்வேன். கட்சிதான் என் ஆயுளைக் குறைக்கிறது.

நாவற்குடாவில் பிரதான வீதியோரம் என் கடை. இதே தொழிலில், மேசைக்கு இந்தப் பக்கம் நின்று பல்லைக் கடிக்கும் சகோதரங்களே, நான் சொல்லப்போவது உங்களுக்குப் புதிதாக இராது. விண்டோஸ்காரர், அப்பிள் கம்பனியின் மெக் வைத்திருக்கிற மெக்குக்காரரைக் கண்டால் முகத்தைத் திருப்புவார். மெக்குக்காரர் விண்டோஸ்காரரைக் கண்டால் இரக்கப்படுவார், அது இன்னும் மோசம். அந்தக் கம்பனிகளை நடத்துகிறவர்களுக்கு மட்டக்களப்பு எந்தத் திசையில் இருக்கிறதென்றே தெரியாது. ஆனாலும் அவர்களுக்காக இங்கே கூடப்பிறந்தவர்கள் முகம் பாராமல் இருக்கிறார்கள்.

கூடப்பிறந்தவர்கள் என்று சும்மா சொல்லவில்லை. தவராசா அண்ணன், கேதீஸ் தம்பி. மூத்தவர் விண்டோஸ், இளையவர் மெக். இருவருக்கும் நடுவில் பிறந்தவள் புவனா. புவனாவின் மகள் நிலானிக்குப் பல்கலைக்கழகம், எங்கள் பேச்சில் கம்பஸ், கிடைத்தது. முதல் வருடம் முடிய கணினி விஞ்ஞானத்தைச் சிறப்புப் பாடமாக எடுக்க வேண்டும் என்பது பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே அவளுடைய ஆசை. அதற்குச் சொந்தமாக ஒரு லப்டொப் வேண்டும் என்று கம்பஸில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் சொல்லுக்கு இருக்கிற மதிப்பு தகப்பன் சொல்லுக்குக் கிடையாது. இப்படிப்பட்ட பொருளை வாங்கிக் கொடுக்கும் உரிமையும் மாமனுக்குத்தான். ஒரு மாமன் மட்டும் இருந்திருந்தால் காரியம் அடுத்த நாளே முடிந்திருக்கும். பாவம் அந்தப் பிள்ளைக்கு இரண்டு மாமன்.

வைரஸ் வராத மெசின்

கேதீஸ் கல்யாண வீடுகளில் படமும் வீடியோவும் எடுக்கிறவர். கமராக் கண்ணாடி துடைக்கிற துணியால்தான் மெக்கையும் துடைப்பார். ஒருநாள் அதைப் பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு வந்தார். விசைகளில் பாதி வேலை செய்யவில்லை, நினைத்த நேரத்தில் நின்றுவிடுகிறது. என்ன பழுது என்று சொல்லுமுன்பே "மெக்குக்கு வைரஸ் வராது, அத மட்டும் சொல்லிப்போடாதீங்க" என்றார். பிறகு, மற்ற மெசின்களோடு சேர்த்து வைக்க வேண்டாம், தனி மேசையில் வைக்கச் சொன்னார்.

தனி மேசையில் வைத்து அடித்தட்டைக் கழற்றினேன். உள்ளே எறும்புக் குடித்தனம். முட்டையும் குஞ்சுமாக ஒரு கிராமமே அங்கே குடியேறியிருந்தது. கல்யாண வீட்டில் கட்டிக் கொடுக்கிற தொதல் இனிப்பைக் கடித்துக்கொண்டு அதே கையால் எடிட் பண்ணினால் வேறென்ன நடக்கும்? கூப்பிட்டுக் காட்டினேன். வெட்கப்படுவார் என்று நினைத்தது என் மடத்தனம். குனிந்து பார்த்தார், முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா அக்கா, அண்ணர்ர பெட்டிக்குள்ள ஒரு எறும்பாவது போகுமா? எறும்புக்கும் தரம் தெரியுது."

நாலு காவல்காரர்

தவராசா களுவாஞ்சிக்குடியில் பிரதேச செயலகத்துக்குப் பக்கத்தில் போட்டோக் கொப்பியும் டைப்பிங்கும் செய்கிற கடை வைத்திருக்கிறார். அவருடைய விண்டோஸ், கம்பனிக்காரனே மறந்துபோன விண்டோஸ். புதிய பதிப்பு எதையும் அண்ட விடமாட்டார். அதற்குள் வைரஸ் பிடிக்கிற மென்பொருள் நாலு போட்டு வைத்திருக்கிறார். ஒன்றையொன்று கள்ளன் என்று நினைத்து அவை நாலும் நாள் முழுக்கச் சண்டை. காலையில் மெசினைப் போட்டுவிட்டு, வாசலைக் கூட்டி, சாமிப் படத்துக்குப் பூ வைத்து, எதிர்க் கடையில் பிளேன்ரீ குடித்துவிட்டு வந்தால்தான் திரையில் ஏதாவது தெரியும். இதை அவர் குறையாகச் சொல்லவில்லை. ஒழுங்கான மனிதனின் காலை இப்படித்தான் இருக்க வேண்டும் என்று எனக்கு விளக்கினார்.

நான் மூன்றைக் கழற்றிவிட்டு ஒன்றை மட்டும் விட்டேன். மெசின் உடனே எழும்பியது. மறுநாளே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். இவ்வளவு விரைவாக எழும்பினால் எங்கேயோ பிழை இருக்கிறதாம், கழற்றிய மூன்றையும் திருப்பிப் போடட்டுமாம். போட்டுக் கொடுத்தேன். திரையில் வட்டம் சுற்றத் தொடங்கியது, அவருக்கும் மூச்சு வந்தது. சுற்றுகிற வட்டத்தைத் திருப்தியோடு பார்த்துக்கொண்டே சொன்னார்: "அவன் மெக்க வெச்சி ஷோ காட்டுறான் தங்கச்சி. நான் வேலை செய்றன்."

மாமன் கடமை

ஒரு பின்னேரம் தவராசா நிலானியையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். பிள்ளைக்கு நல்ல விண்டோஸ் லப்டொப் ஒன்று எடுத்துத் தரச் சொன்னார். எனக்குச் சந்தோசம். அந்தப் பிள்ளை அதுவரை போனிலேயே சின்னச் சின்னப் புரோகிராம் எழுதிப் பழகியவள். பின்னேரங்களில் என் கடையில் வந்திருந்து, நான் மெசின் கழற்றுவதைக் கண் வெட்டாமல் பார்ப்பாள். என்ன மாதிரி எடுக்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கும்போதே கேதீஸின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. யாரோ தகவல் கொடுத்துவிட்டார்கள்.

அண்ணனும் தம்பியும் நேரே பேசிக்கொள்வதில்லை. ஆகவே நான் தபால்காரி ஆனேன். "மருமகளுக்கு மெக்தான் எடுக்கோணுமெண்டு அவரிட்டச் சொல்லுங்க அக்கா." "தகரப்பெட்டிக்குப் பவுடர் பூசி வித்தா அது மெக்காம் எண்டு அவனிட்டச் சொல்லு தங்கச்சி." இருவரும் ஓர் எட்டுத் தூரத்தில்தான் நிற்கிறார்கள். கடைசியில் ஒருவர் வாங்கிக் கொடுத்தால் மற்றவர் இனிப் புவனா வீட்டுப் படி மிதிக்க மாட்டார் என்று இரண்டு பக்கத்திலும் சபதம். உனக்கு என்ன தேவை என்று நான் நிலானியிடம் கேட்டேன். அவள் வாய் திறக்க, இரண்டு மாமாமாரும் ஒரே நேரத்தில் "நீ சும்மா இரி மனே" என்றார்கள். அவர்கள் ஒற்றுமையாகச் சொன்ன முதல் வசனம் அது. போகும்போது அவள் வாசலில் நின்று கேட்டாள்: "வாங்கப்போறது எனக்குத்தானே மாமா?"

தோணிக்காரரின் கருத்து

நிலானியின் தகப்பன் சிவலிங்கம் வாவியில் மீன் பிடிக்கிறவர். மச்சான்மார் பேசும் இடத்தில் அவருக்குப் பேச்சில்லை, அவரும் பேச ஆசைப்படுவதில்லை. ஒருநாள் இறால் பையோடு கடைப் பக்கம் வந்தார். தயங்கித் தயங்கி, எது நல்ல மெசின் என்று என்னைக் கேட்டார். பிள்ளை படிக்க எதுவானாலும் போதும் அண்ணன், யாராவது ஒன்றை வாங்கிக் கொடுத்தால் சரி என்றேன். அவர் தலையை ஆட்டினார். "எங்கட துறையிலயும் இப்பிடித்தான் தங்கச்சி. பைபர் தோணி திறமா, மரத்தோணி திறமா எண்டு கரையில நிண்டு கத்துறவன் ஒருத்தனும் மீனுக்குப் போறல்ல."

கடைக்காரி கொடுத்தால்

பாடம் தெரிவு செய்யும் நாள் நெருங்கிக்கொண்டே வந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. யாரோ விற்றுவிட்டுப் போன பழைய லப்டொப் ஒன்று கடையில் கிடந்தது. திரை மாற்றி, நல்ல பற்றரி போட்டுச் சரிபண்ணினேன். மூடியில் எந்தக் கம்பனியின் அடையாளமும் தெரியாமல் துடைத்து, அதற்கு மேல் ஒரு பூப்படமும் ஒட்டினேன். ஒரு கட்சியும் குறை சொல்லக்கூடாதே! நிலானி அதைக் கையில் வாங்கியபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அன்று பின்னேரம் முழுக்க அதன் முன்னாலிருந்து எழும்பவே இல்லை.

மறுநாள் புவனா அதை ஒரு துணியில் சுற்றி, கண் கலங்கத் திருப்பிக் கொண்டு வந்தாள். கோபித்துக்கொள்ளாதே என்று என் கையைப் பிடித்தாள். எனக்குக் கோபம் அவள்மேல் இல்லை. அந்த இரண்டு பேரையும் ஒரே மோட்டார் சைக்கிளில் ஏற்றிக் கல்குடாக் கடலுக்குள் ஓடவிட்டால் என்ன என்றுதான் எனக்குத் தோன்றியது. அவள் சொன்னது இதுதான்: "மாமாமார் ரெண்டு பேர் உசிரோட இரிக்கக்குள்ள கடையில சும்மா வாங்கினா, அவங்கட மூஞ்சில கரி பூசின மாதிரி அக்கா. புள்ளைக்கு அவங்கதானே நாளைக்குக் கல்யாணமும் பேசோணும்."

விடுதலை வீரர்

கடைசி முயற்சியாக அண்ணனையும் தம்பியையும் நானே கூப்பிட்டு ஒரே மர வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருத்தினேன். நாள் முடியப்போகிறது, பிள்ளையின் படிப்பு போகப்போகிறது என்று உறைக்கச் சொன்னேன். நம்ப மாட்டீர்கள், இருவருக்கும் தலை குனிந்தது. தவராசா தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரி, புள்ள எதக் கேட்டாலும் ரெண்டு பேருமாச் சேந்து எடுப்பம்" என்று நேரே தம்பியைப் பார்த்தே சொன்னார். கேதீஸ் "ஓம்" என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டார்.

அந்த நேரத்தில்தான் நிரோஜன் உள்ளே வந்தார். வங்கியில் வேலை, லினக்ஸ் கட்சி. அந்தக் கட்சிக்கு நாவற்குடாவில் அவர் ஒருவர்தான், ஆகவே மூன்று பேருக்குரிய பேச்சை அவர் ஒருவரே பேசுவார். அவருடைய லப்டொப்பில் வைபை வேலை செய்ததை நான் கண்டதில்லை. பையில் நீளக் கேபிள் சுருட்டி வைத்திருந்து, போகிற இடமெல்லாம் கொழுவுவார். வைபை இல்லாட்டியும் சுதந்திரம் இருக்கிறதாம். என் சுவரில் கேபிளைக் கொழுவிக்கொண்டே அவர் காதைக் கொடுத்தார், பிறகு வாயையும் கொடுத்தார். விண்டோஸும் மெக்கும் இரண்டுமே அடிமைச் சங்கிலி, பிள்ளையை ஏன் அடிமையாக்குகிறீர்கள், லினக்ஸ் போடுங்கள், சும்மா கிடைக்கும் என்று ஆரம்பித்தார். அவ்வளவுதான். அண்ணனும் தம்பியும் தோளோடு தோள் நின்று அவரை வாசல்வரை கலைத்தார்கள். விட்ட வேகத்தில் இருவரும் அவரவர் வழியே போயும்விட்டார்கள். சமாதானம் வாங்கிலேயே கிடந்தது. போகும்போது தவராசா கைவிரலை நீட்டி என்னை எச்சரித்தார்: "நாங்க எங்களுக்குள்ள அடிபடுவம், மறுகா சேருவம். வெளியாள் வந்து மாமாமாருக்குப் படிப்பிக்க ஏலா, சொல்லிப்போட்டன்."

இரண்டு பெட்டி

அதன் பிறகு ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கொண்டாட்டத்தில், மாமன் இரண்டு பேர் இருந்தும் பிள்ளை போனில் படிக்கிறது என்று யாரோ சாடையாகச் சொல்லிவிட்டார்களாம். படிப்பு போகிறது என்று நான் கத்தியபோது உறைக்காதது, நாலுபேர் சிரித்ததும் உறைத்துவிட்டது. இருவரும் ஒருவருக்கு ஒருவர் தெரியாமல் கொழும்புக்குச் சொல்லி எடுத்திருக்கிறார்கள். தயார்பண்ணித் தரச் சொல்லி என் கடைக்கு வந்ததும் ஒரே நாள். ஒன்று விண்டோஸ், ஒன்று மெக். இரண்டும் புத்தம் புதுசு, பெட்டியின் பொலித்தீன்கூடக் கழற்றவில்லை. கேதீஸ் கமராவும் கொண்டு வந்திருந்தார், மருமகள் வாங்குவதைப் படமெடுக்க வேண்டுமாம். அண்ணன் கொடுப்பதையும் எடுப்பாரா என்று கேட்டேன். கமராவில் சார்ஜ் குறைவு என்றார்.

நிலானி வந்தாள். இரண்டு பெட்டியையும் பார்த்தாள். எதையும் தொடவில்லை. பாடம் தெரிவு செய்கிற நாள் போன கிழமையே முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். அன்று என் கடையில் வந்திருந்து அழுதவள் அவள். இப்போது அழவில்லை. "நான் கணிதம் எடுத்திட்டன் மாமா. அதுக்குப் பேனையும் கொப்பியும் போதும். இனி மாத்த விடமாட்டாங்க" என்றாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள், என்னால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஒருவராவது தலையில் கை வைப்பார், ஐயோ என் மருமகளே என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று பார்த்தேன். கேதீஸ்தான் முதலில் வாயைத் திறந்தார். "கணிதத்துக்கும் மெக்தான் திறம் மனே." தவராசாவுக்கு ரத்தம் தலைக்கேறியது. "போடா விசரா, கணக்குக்கு எக்செல் இல்லாம ஏலுமா?"

ஒன்றைத் திறந்தால் மற்ற மாமனுக்குக் குறை என்று புவனா அந்த இரண்டு பெட்டியையும் வீட்டுக் கண்ணாடி அலுமாரியில் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி வைத்திருக்கிறாள், அவற்றுக்கு இன்றுவரை ஒரு பழுதும் வரவில்லை என்பதை மட்டும் இரண்டு கட்சியும் ஏகமனதாக ஒப்புக்கொள்கின்றன.