அக்காவின் சப்பாத்து

அக்காவின் கருமாதி முடிந்ததும் அம்மா அவளுடைய துணிமணிகளையெல்லாம் கொடுத்துவிட்டாள். அக்கா ஓடப் போகும்போது போடும் சப்பாத்தை மட்டும் நான் ஒளித்து வைத்துக்கொண்டேன். செத்தவர்களுடைய சப்பாத்தைப் போடக் கூடாது என்பார்கள். நான் போட்டேன். ஆயர் ஈத்தாம் அணைக்கட்டு மேட்டில், ஞாயிறுதோறும் நாங்கள் சேர்ந்து ஓடிய அதே சாலையில் ஓடினேன்.

எனக்கு அது அரை சைஸ் சின்னது. முதல் நாளே குதிகாலில் கொப்புளம் வந்தது.

"தோல உரிச்சிடாதடி. ஊசியச் சுட்டு ஓரமா குத்தி, தண்ணிய மட்டும் எடு. தோலு மூடியே இருக்கட்டும்லா." உயிரோடு இருந்தபோது அக்கா எப்போதும் சொன்னது இதுதான். அப்படியே செய்து பிளாஸ்டர் ஒட்டினேன். அடுத்த வாரம் குதிகாலில் வேஸ்லின் தடவிக்கொண்டு ஓடினேன். மறுபடியும் கொப்புளம்.

"வேற சப்பாத்து வாங்கேன்லா. ஏன் காலப் போட்டு வதைக்கிற?" என்றார் என் வீட்டுக்காரர்.

எனக்கு வாங்கத் தெரியாதா? குதிகால் எரியும்போதெல்லாம் அவள் பக்கத்தில் ஓடி வருகிற மாதிரி இருந்தது. அதை இவரிடம் எப்படிச் சொல்வது?

போன ஞாயிறு ஓடி முடித்துக் கழற்றிப் பார்த்தேன். கொப்புளம் இல்லை. குதிகால் காய்த்துப்போயிருந்தது. அழுத்திப் பார்த்தேன், வலிக்கவே இல்லை. சாவு வீட்டில் வராத அழுகை அங்கேதான் வந்தது.