மகளின் நெஞ்சில் ஒரு சத்தம்

என் மகள் ஒன்றாம் வகுப்புப் படித்தபோது பள்ளிக்கூடத்தில் மருத்துவ முகாம் நடத்தினார்கள். பல், கண், எடை பார்த்து அனுப்பிவிடுவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். மதியம், தேயிலை ஃபேக்டரியில் பாக்கெட் போட்டுக்கொண்டிருந்த எனக்கு டீச்சர் போன் செய்தார். பிள்ளைக்கு ஒன்றுமில்லை, ஆனால் டாக்டர் உங்களைப் பார்க்கணுமாம் என்றார். ஒன்றுமில்லாத பிள்ளையின் அம்மாவை எந்த டாக்டர் கூப்பிடுவார்? தலையில் கட்டியிருந்த துணியைக்கூட அவிழ்க்காமல் ஓடினேன்.

டாக்டர் சின்ன வயதுப் பெண், மலையாளி. என் கையைப் பிடித்துக்கொண்டு கடகடவென்று பேசினார். சுற்றிலும் பிள்ளைகளின் இரைச்சல். என்னிடம் இருந்த மலையாளம் கடைக்கும் பஸ்ஸுக்கும் போதும். நெஞ்சுக்குள் இருப்பதைப் பேச அது போதவில்லை. ஹார்ட் புரிந்தது, எக்கோ புரிந்தது. நடுவே அவர் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு சொல் என் காதில் 'மர்மம்' என்று விழுந்தது. கடைசியில், "பேடிக்கண்டா" என்றார். பயப்பட வேண்டாம் என்று அர்த்தம். அதற்குள் நான் பயந்து முடித்திருந்தேன்.

என் கணவர் சுற்றுலா ஜீப் ஓட்டுகிறார். மாட்டுப்பட்டி அணைக்கு ஆட்களைக் கொண்டுபோய் விட்டுத் திரும்பியவர், வாசலிலேயே என் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டார்.

"பிள்ளைக்கு என்னவாம்?"

"நெஞ்சுல ஏதோ மர்மம் இருக்காம்."

"மர்மமா? டாக்டருக்கே தெரியலையாமா?"

"தெரிஞ்சா ஏன் மர்மம்னு சொல்லப்போறாக?"

அவர் போனை எடுத்து, 'இதய மர்மம்' என்று வாயால் சொல்லித் தேடினார். பாழடைந்த பங்களாவில் கதவு தானாகத் திறக்கும் வீடியோ ஒன்று வந்தது. வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்போம்.

பக்கத்து வீட்டு அக்கா கேள்விப்பட்டு வந்தார். "பேப்பர்ல போடுவாகல்ல, மர்மக் காய்ச்சல்னு? அந்த மாதிரி..." என்று ஆரம்பித்தவர் என்னைப் பார்த்ததும் தன் வாயிலேயே ஒரு அடி போட்டுக்கொண்டார். "நான் ஒரு கூறு கெட்டவ. ஒண்ணும் இருக்காது தங்கச்சி" என்று சொல்லிவிட்டுப் போய், பிள்ளைக்கு முட்டை அவித்துக் கொண்டுவந்து கொடுத்தார்.

மலைக்குக் கீழே உள்ள பெரிய ஆஸ்பத்திரியில், இதயத்தை ஸ்கேன் செய்யும் எக்கோ எடுக்க உடனே இடம் கிடைக்கவில்லை. அதுவரை ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது என்று நாங்களே சட்டம் போட்டோம். பள்ளிவாசல் எஸ்டேட் சரிவில் பள்ளிக்கூடம்வரை அவள் அப்பாதான் தோளில் தூக்கிப் போனார். அவர் மூச்சு வாங்க, அவள் மேலே உட்கார்ந்து போகிறவர் வருகிறவருக்கெல்லாம் கையாட்டினாள். ஒருநாள் அவர் காதைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, எனக்கு இன்னும் கொஞ்ச நாளைக்கு ஒடம்பு சரியில்லாமலே இருக்கட்டும்ப்பா" என்றாள். அவர் அவள் கால்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

எக்கோ அறையில் நெஞ்சில் தடவிய களிம்பு சில்லென்று இருக்கவும் அவள் நெளிந்து நெளிந்து சிரித்தாள். திரையில் சாம்பல் நிறத்தில் எதுவோ திறந்து மூடிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை, டாக்டரின் முகத்தையே பார்த்தேன். வயதானவர். பார்த்து முடித்து, கண்ணாடியைக் கழற்றி, "இது இன்னசென்ட் மர்மராணு" என்றார்.

என் கணவர் அடக்கி வைத்திருந்ததைக் கேட்டுவிட்டார். "அந்த மர்மம் என்னன்னு நீங்களாச்சும் கண்டுபிடிச்சிட்டீகளா சார்?"

டாக்டர் குழம்பினார். மலையாளத்தில் மர்மம் என்றால் அடிபட்டால் உயிருக்கே ஆபத்தான இடம். அங்கே யாராவது அடித்தார்களா என்று அவர் பதறிக் கேட்க, நாங்கள் விழிக்க, கொஞ்ச நேரம் மூன்று பேரும் மூன்று ஊரில் நின்றோம். பிறகு அவருக்குப் பிடிபட்டது.

"மர்மம் அல்ல, மர்மர். இங்கிலீஷ். எங்க பாஷையில மர்மரம்னு சொல்லும். காத்துல இலை அசையும்போ மெல்ல ஒரு சத்தம் கேக்கும் இல்லே, அது." எங்களுக்குப் புரியும் தமிழுக்காக அவர் தேடித் தேடிப் பேசினார். "தோட்டுல வெள்ளம் வேகமா போனா சத்தம் உண்டு. அதுக்குத் தோடு கெட்டுப்போச்சுன்னு அர்த்தமா?"

தோடு என்றால் ஓடை, வெள்ளம் என்றால் தண்ணீர். இல்லை என்று தலையாட்டினோம்.

"அதே மாதிரி ரத்தம் ஓடுற சத்தம். ஓட்டை இல்ல, வால்வுக்குக் கேடு இல்ல. இன்னசென்ட்னா குற்றம் இல்லாதது. மருந்து வேண்டா. குட்டி ஓடட்டும், சாடட்டும்." பிள்ளை ஓடலாம், குதிக்கலாம் என்கிறார்.

"அப்பாவிச் சத்தம்" என்றார் என் கணவர், தனக்குத்தானே. டாக்டர் அதைக் கேட்டுச் சிரித்தார்.

எனக்கு எங்கிருந்து துணிச்சல் வந்ததோ, "நான் ஒருதரம் கேக்கலாமா?" என்றேன். ஸ்டெதஸ்கோப்பை என் காதில் அவரே மாட்டி, இடம் பார்த்து வைத்தார். முதலில் என் படபடப்புதான் கேட்டது. பிறகு அவளுடையது. இரண்டு துடிப்புக்கு நடுவே, 'ஸ்ஸ்' என்று மெலிதாக ஒரு ஓசை, வந்து வந்து போயிற்று. என் கணவர் வாங்கிக் கேட்டார். ஜீப்பின் பானெட்டைத் திறந்து காது கொடுப்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டார். "எஞ்சின் நல்லா இருக்கு" என்றார்.

திரும்பும் வழியில் அடிமாலியில் சாப்பிட்டோம். அவர் பரோட்டாவை வாங்கி வாங்கிச் சாப்பிட்டார். இத்தனை நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மகள் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். நாளையிலிருந்து நடந்துதான் போக வேண்டும் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

மறுநாள் ஃபேக்டரியில், டீ நேரத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். சிரித்துச் சிரித்து ஒருத்திக்குப் புரையேறியது. என்னோடு பாக்கெட் ஒட்டும் பெண் மட்டும் சிரிக்காமல் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"எனக்கு டிஸ்பென்சரில பார்டர் சுகர்னு சொல்லிருக்காக" என்றாள். "பார்டர்னா போடிமெட்டு செக்போஸ்ட்டா, கம்பமெட்டு செக்போஸ்ட்டானு கேக்காம வந்துட்டேன்."

அவளும் சிரித்துவிட்டாள். ஆனால் டம்ளரில் இருந்தது சர்க்கரை போடாத டீ என்பதைக் கவனித்தேன். அன்று வேலை முடிந்ததும் இரண்டு பேருமாக எஸ்டேட் டிஸ்பென்சரிக்கு நடந்தோம், அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டுவர.