அப்பாவின் முட்டி

ஆபீஸ் பெண்கள் அணிக்காகக் கழக்கூட்டம் மைதானத்தில் பந்தாடப் போய் இடது முட்டியில் லிகமெண்ட் கிழிந்தது. ஆபரேஷனும் ஆயிற்று. திரும்ப எப்போது ஆடலாம் என்பது ஒன்றே என் கவலை. அதைத் தீர்மானிக்க வேண்டிய டாக்டர் கேட்டது சாதாரணக் கேள்வி: வீட்டில் வேறு யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

துணைக்கு வந்திருந்த அப்பா முந்திக்கொண்டார். "எங்காத்துல ஒருத்தருக்கும் ஒரு சீக்கும் கிடையாது, டாக்டர்."

கரமனையில் எங்கள் தெருவில், கல்யாணத்துக்குப் பெண் இருக்கும் வீடுகளின் ஆரோக்கியமே தனி. சர்க்கரை கிடையாது, ஆஸ்துமா கிடையாது, மூக்குக்கண்ணாடிகூடப் படிக்கும்போது மட்டும்தான். என் ஜாதகம் வெளியே போயிருந்த நேரம். மனிதர் டாக்டரையே பிள்ளை வீட்டாராக நினைத்துவிட்டார். எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

"அத்தைக்குக் காலேஜ்ல முட்டி போச்சேப்பா?"

"அது வெறும் சுளுக்குடீ."

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். குடும்பத்தில் இருந்தால் அடுத்த முட்டிக்கும் ஆபத்து சற்றுக் கூடுதல். ஒரே ஒரு ஜீன் செய்கிற வேலை இல்லை, பல சேர்ந்து செய்வது. அதற்காக இது தலையெழுத்தும் இல்லை. குதித்து இறங்கும் விதத்தைப் பழக்கினால் ஆபத்து குறையும். ஆனால் தெரியாமல் அவசரப்பட்டு ஆட விட்டால் வலது முட்டியும் போகலாம்.

 அப்பா வேட்டியை முட்டிக்கு மேல் ஏற்றி, "இதையும் பாருங்கோ" என்றார்.

டாக்டர் காலை மடக்கிப் பிடித்து இழுத்தார். முட்டிக்குக் கீழே கால் மேசை இழுப்பறைபோல் முன்னால் வந்தது. கல்யாணத்துக்கு முன் பந்து களித்தபோது (எங்கள் ஊரில் ஆடுவதும் களிப்பதுதான்) விழுந்தாராம். பெண் கிடைக்காது என்று வீட்டில் மூடி மறைத்துவிட்டார்கள். விருந்துகளில் பந்தியில் உட்காராமல் கடைசிவரை பரிமாறுகிறவர் என்று ஊரே அவரை மெச்சும், நானும்தான். அவரால் சம்மணம் போடவே முடியாது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"அப்போ இவளுக்கு நான் கொடுத்ததா?" என்று கேட்டார்.  என் கோபம் போன இடம் தெரியவில்லை.

டாக்டர் இன்னும் சில மாதம் பயிற்சி செய்துவிட்டு ஆடச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளை வீட்டார் போன் செய்தார்கள். ஜாதகம் பொருந்துகிறதாம். அப்பா எழுந்து நின்றுகொண்டு பேசினார்.

"முதல்லயே சொல்லிடறேன். பொண்ணுக்கு முட்டில ஆபரேஷன் ஆயிருக்கு. அந்த முட்டி சீக்கு எனக்கும் உண்டு, என் தங்கைக்கும் உண்டு. கொஞ்ச மாசம் கழிச்சு இவ திரும்பப் பந்து களிக்கப் போவா, கேட்டேளா?"