சேர்வர் சொன்ன சாட்சி

தீபாவளி முடிந்து நாலாம் நாள், என் கணவர் கட்டாரிலிருந்து கூப்பிட்டு நான் பொய் சொல்கிறேன் என்றார். பள்ளிக்கூடத்திலிருந்து வந்து நான் சேலையைக்கூட மாற்றியிருக்கவில்லை. அடுப்பில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

"நேத்து நாலு மணிக்கு எங்க இருந்த?"

"வாசகசாலையில. புள்ளைகளுக்கு கிளாஸ் வைக்கிறேன்னு உங்களுக்குத் தெரியும்தானே."

"அப்ப ரூம்ல யாரு?"

நான் சிரித்தேன். கேள்வியில் என்ன இருக்கிறது என்று புரியாமல் சிரித்ததை நினைத்தால் இன்றும் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

எங்கள் வீடு நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயத்து வரிசை அறைகளை விட்டு வந்தவர்களுக்குத் தலா ஏழு பேர்ச் நிலத்தில் கட்டிய தனி வீடுகளில் ஒன்று. நானும் மாமியாரும் மாமியாரின் பசுவும்தான் அங்கே இருக்கிறோம். போன லீவில் வந்தபோது கணவர் அந்த வீட்டுக்குள் ஒரு சேர்வரைக் கொண்டுவந்து வைத்தார். சாப்பாட்டுப் பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. ஹட்டனிலிருந்து ஒருவர் வந்து வயர் இழுத்துக் கொடுத்தார். ஆளோ மிருகமோ அசைந்தால் கண்டுபிடித்து அவர் போனுக்குச் செய்தி அனுப்பும் சென்சர்கள் இரண்டு. ஒன்று வீட்டுக்குப் பின்னால் மாட்டுப்பட்டியில். பக்கத்தில் ஒரு கன்றைப் புலி தூக்கிக்கொண்டு போயிருந்தது, அதனால் அது நியாயம்தான். மற்றதைப் படுக்கையறையில் பொருத்தச் சொன்னார்.

"இது எந்தப் புலிக்கு?" என்று கேட்டேன்.

"அலுமாரியில நகை இருக்குல்ல. பாதுகாப்புக்குத்தான்" என்றார்.

அதிலிருந்து எனக்குத் தினமும் பெரட்டு. தோட்டத்தில் காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பார்களே, அதையே அவர் கட்டாரிலிருந்து செய்தார். அஞ்சரைக்கு எழும்பினாயா, ஏன் நேற்று ஆறாகிவிட்டது, மத்தியானம் வந்தவுடன் ஏன் ரூமுக்குப் போனாய். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். உன் மேல் எவ்வளவு அக்கறை பார் என்று பள்ளிக்கூடத்தில் மற்ற டீச்சர்மார் சொன்னார்கள். நானும் கொஞ்ச காலம் அதை நம்பிக்கொண்டு திரிந்தேன். இப்போது நினைத்தால் குமட்டுகிறது.

அன்று போனில் அவர் விஷயத்தை உடைத்துச் சொன்னார். தீபாவளிக்குப் பிறகு தினமும் நாலு மணிக்குப் படுக்கையறையில் அசைவு தொடங்குகிறதாம். மாமியார் வெளியே மாட்டைப் பார்க்கப் போகிற நேரம், நான் கிளாஸில் இருப்பதாகச் சொல்கிற நேரம். அதற்குப் பிறகு விடிய விடிய அசைவாம்.

"ராத்திரி பூரா காட்டுது. நீ தூங்குறதே இல்லையா? இல்ல, யாரும் தூங்க விடுறதில்லையா?"

இதைச் சொன்னது எனக்குத் தாலி கட்டிய வாய். காதிலிருந்து போனை எடுத்து, ஈரம் பட்ட மாதிரி சேலையில் துடைத்தது ஞாபகம் இருக்கிறது.

"அந்த மெஷின் என்னமோ தப்பா காட்டுது. அதப் பாருங்க முதல்ல."

"மெஷின் எதுக்குப் பொய் சொல்லணும்? அதுக்கு உன் மேல என்ன கோவம்?"

பன்னிரண்டு வருடம் கூட வாழ்ந்தவளின் பேச்சு ஒரு பக்கம், ஒரு வருடம்கூட ஆகாத பெட்டி ஒரு பக்கம். அவர் பெட்டியின் பக்கம் போய் நின்றுகொண்டார்.

அடுத்து அவர் தன் அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். மாமியார் கெட்டவர் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் அன்று பொழுதுபடும் நேரத்தில் அவர் என் அறைக்குள் வந்து, கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்து, அலுமாரிக்குப் பின்னால் பார்த்து, கடைசியில் என் தலையணையை எடுத்து மோந்து பார்த்தார். என் கண் முன்னாலேயே. நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வெள்ளிக்கிழம மாரியம்மன் கோயில்ல சூடத்த அணச்சு சத்தியம் பண்ணிரு புள்ள. அவனுக்கு மனசு ஆறிரும்" என்றார். மறுநாளே கடையில் ஒரு பாக்கெட் சூடம் வாங்கிவந்து சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டார்.

எரிகிற சூடத்தை எல்லோர் முன்னாலும் கையால் அடித்து அணைத்து, நான் தப்புச் செய்யவில்லை என்று சொல்ல வேண்டும். கை சுடுவது பெரிய விஷயமில்லை. எங்கள் தோட்டத்தில் ஒரு பொம்பளை சூடம் அணைத்தால், அவள் சொன்னது உண்மையா என்று யாரும் யோசிக்க மாட்டார்கள். ஏன் அணைக்க வேண்டி வந்தது என்றுதான் பேசுவார்கள். கோயிலுக்கு வருகிற பாதிப் பேரின் பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள். திங்கட்கிழமை நான் எந்த முகத்தோடு போய்க் கரும்பலகைக்கு முன்னால் நிற்பது? சூடம் வாங்கிய அன்று புதன். கையில் இருந்தது இரண்டு நாள்.

அன்று பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு அந்தப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தேன். சேர்வருக்குள் போகப் பாஸ்வேர்ட் வேண்டும், அதைக் கணவர் எனக்குத் தந்ததே இல்லை. பெட்டியைத் திருப்பிப் பார்த்தால், வயர் இழுத்தவர் அடியில் மார்க்கர் பேனையால் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார். இவ்வளவுதான் கணவர் சொன்ன பாதுகாப்பு.

போனில் அதன் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். இரண்டு சென்சர்களின் வயர்களும் பெருவிரல் அளவில் இரண்டு பிளக்குத் துண்டுகளாக முடிந்து, பெட்டியின் பின்னால் செருகியிருக்கும். அந்த இரண்டு துண்டுகளுக்கும் சேர்வர் ஒரே பெயர்தான் காட்டியது, ஒரே நம்பர்தான் காட்டியது. எது எங்கிருந்து வருகிறது என்று அதற்குத் தெரியவே தெரியாது. மேல் ஓட்டையில் இருப்பது படுக்கையறை, கீழ் ஓட்டையில் இருப்பது மாட்டுப்பட்டி. அதன் அறிவு அவ்வளவுதான்.

துண்டைக் கையில் பிடித்தபோது அதில் இளநீலப் பெயின்ட் ஒட்டியிருப்பதைப் பார்த்தேன். தீபாவளிக்குப் பெயின்ட் அடிக்காத வீடு எங்கள் தோட்டத்தில் இல்லை. சாமானையெல்லாம் முற்றத்தில் போட்டுவிட்டு நானும் மாமியாரும்தான் சுவருக்கு அடித்தோம். அப்போது இந்த இரண்டையும் பிடுங்கி, ஷொப்பிங் பேக்கில் சுற்றி ஆணியில் தொங்கவிட்டது நான். தீபாவளி முடிந்ததும் கையில் வந்ததை வந்த ஓட்டையில் செருகியதும் நான். என் கையாலேயே என் தலையில் மண் அள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஆனாலும் கண்ணால் பார்க்காமல் யாரும் நம்பமாட்டார்கள். நாலு மணிக்குப் போனை எடுத்துக்கொண்டு பட்டிக்குப் போனேன். தூறிக்கொண்டிருந்தது. பகலெல்லாம் மேட்டில் கட்டியிருந்த மாட்டை மாமியார் அவிழ்த்துக்கொண்டு வந்தார். மாடு உள்ளே காலை வைத்தது. என் போனில், படுக்கையறையில் அசைவு என்று வந்தது. அது புல்லை இழுத்துத் தின்றது, வாலால் ஈ விரட்டியது, நின்ற இடத்திலேயே மூத்திரம் பெய்தது. படுக்கையறை, படுக்கையறை என்று போன் அடித்துக்கொண்டே இருந்தது. சாணி நாற்றத்தில் நின்றுகொண்டு, தினமும் என் அறைக்குள் வந்ததாகச் சொன்ன ஆம்பளையை ஒருவழியாக நேரில் பார்த்தேன்.

"அத்த, நீங்க போயி என் ரூம்ல கொஞ்சம் நடங்க" என்றேன்.

அவர் ஒன்றும் புரியாமல் போனார். மாட்டுப்பட்டியில் அசைவு என்று வந்தது. திரும்பி வந்தவரிடம் போனைக் காட்டி, எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். மாட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அட, மாடா! நல்லவேள புள்ள, நான் வெளிய யார்கிட்டயும் வாய் தொறக்கல. பூசாரிகிட்ட மட்டும்தான் சொல்லி வச்சேன்."

அங்கேயே நிற்க முடியாமல் மலைத்தண்ணீர் விழும் பீலிக்குப் போய்க் கையையும் முகத்தையும் கழுவினேன். தண்ணீர் ஐஸ் மாதிரி இருந்தது. திரும்பத் திரும்பக் கழுவியும் அந்த நாற்றம் போகவில்லை. அது மாட்டு நாற்றம் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

கணவருக்கு வீடியோ கோல் எடுத்து, மாட்டைக் காட்டி, செருகிய இடத்தைக் காட்டிச் சொன்னேன். தன் போனில் பழைய செய்திகளை எல்லாம் தள்ளித் தள்ளிப் பார்த்தார். பிறகு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அறையில் கூட இருந்தவர்களைக் கூப்பிட்டு, "மச்சான், மாடு மச்சான்" என்று சொல்லிச் சிரித்தார். அப்போதுதான் எனக்கு விளங்கியது, அவர்கள் எல்லோருக்கும் என் கதை ஏற்கனவே தெரியும்.

"சரி விடு. வெள்ளிக்கிழம நீ கோயிலுக்குப் போக வேணாம்" என்றார், பெரிய மனது பண்ணி. "ரெண்டையும் மாத்திக் குத்திரு."

"ரூம்ல இருக்கிறத நான் கழட்டுறேன்."

சிரிப்பு நின்றது. "ஏன்? மறைக்கிறதுக்கு என்ன இருக்கு?"

நான் போனை வைத்துவிட்டேன். கோபம்கூட வரவில்லை. தட்டில் புழு கிடந்ததைப் பார்த்த பிறகு அந்தச் சோற்றை மறுபடி எப்படி வாயில் வைப்பது என்ற எண்ணம்தான் வந்தது.

அன்றே ஸ்டூலில் ஏறி, படுக்கையறைச் சென்சரைத் திருகிக் கழற்றிக் குப்பைக் குழியில் போட்டேன். மாமியார் பார்த்துக்கொண்டிருந்தார். சேர்வரின் பின்னால் இருந்த துண்டுகளை நான் மாற்றிச் செருகவில்லை. இன்றைக்கும் என் படுக்கையறை என்ற பெயரில் அவருக்குப் போய்ச் சேர்வது அந்த மாட்டின் அசைவுதான். பார்க்கிறாரா என்று நான் கேட்பதில்லை.

சூடப் பாக்கெட் உடைக்காமல் சாமி படத்துக்குக் கீழேயே இருக்கிறது. ஒருநாள் விளக்கு வைக்கும்போது மாமியார் அதை எடுக்கப் போனார், வேண்டாம் என்று தடுத்தேன். அடுத்த லீவில் கணவர் வரும்போது அதை அவர் கையில்தான் கொடுக்கப்போகிறேன்.