கசடின் சூடு

பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு சோதனைக்கூடத்தில் எனக்கு வேலை. நிலக்கரி, விறகு, உமி, எது வந்தாலும் எரித்து, அதில் எவ்வளவு சூடு இருக்கிறது என்று சொல்ல வேண்டும். ஒரு கிராம் பொடியை இரும்புக் குடுவைக்குள் வைத்து, ஆக்ஸிஜனை அடைத்து எரிப்போம். குடுவையைச் சுற்றியுள்ள தண்ணீர் எத்தனை டிகிரி ஏறுகிறது என்பதுதான் கணக்கு. ஒரு கிராமை எரிக்கவா தினமும் ஸ்ரீராம்புரத்திலிருந்து மெட்ரோ ஏறிப் போகிறாய் என்பார் என் கணவர்.

ஒருநாள் சாக்கடைக் கசடு வந்தது. கொண்டுவந்தவர் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கழிவுநீர் நிலையத்தைப் பார்த்துக்கொள்பவர், ஆம்பூர்ப் பக்கத்துக்காரர். சுத்திகரித்தபின் மிஞ்சும் கசடு, அவர் குடியிருக்கும் அறையை ஒட்டியே குவிந்து கிடந்தது. பிரசவத்துக்குப் போன மனைவி, அது அங்கே இருக்கிறவரை பச்சைக்குழந்தையோடு வரமாட்டேன் என்று தாய்வீட்டிலேயே தங்கிவிட்டார். ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஒரு தொழிற்சாலை தன் பாய்லருக்கு அதை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது, எங்கள் அறிக்கையில் போதுமான சூடு இருந்தால்.

எரித்தேன். தண்ணீர் கொஞ்சம் சூடேறி நின்றுவிட்டது. மூன்று முறையும் அப்படியே. தேறாது என்று எழுத எனக்குக் கை வரவில்லை. குடுவையைத் திறந்தால் சாம்பல் வெள்ளைவெளேரென்று இருந்தது. கசடுச் சாம்பல் பழுப்பாக அல்லவா இருக்கும்? பொடியில் இரண்டு சொட்டு ஆசிட் விட்டதும் நுரைத்தது. சுண்ணாம்பு. பையைப் பிரித்தபோது நாற்றமே இல்லையே என்று நான் சந்தோஷப்பட்டதும் அப்போதுதான் உறைத்தது.

போன் போட்டு எரிந்துவிழுந்தேன். எனக்குக் கோபம் முதலில் வரும், விசாரணை பிறகுதான். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"லேடீஸ்தான் டெஸ்ட் பண்ணுவாங்கன்னு சொன்னாங்க மேடம். அந்த நாத்தத்த எப்படி உங்க கையில குடுக்கறதுன்னு சுண்ணாம்பு கலந்துட்டேன்."

கோபம் இறங்கிவிட்டது. இத்தனை வருஷத்தில் என் மூக்கைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை. ஆனால் பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதைதான். சுண்ணாம்பு எரியாது, எடையைத்தான் கூட்டும். குவியலிலும் போட்டீர்களா என்று கேட்டேன். பையில் மட்டும்தானாம். மரியாதையெல்லாம் வேண்டாம், நாலு இடத்தில் தோண்டி அப்படியே கொண்டுவாருங்கள் என்றேன்.

மறுநாளே கொண்டுவந்தார். ஓவனில் அது காய்ந்த நேரமெல்லாம் மாடி முழுக்க நாறியது. டீ குடிக்கப் போன சகாக்கள் மதியம்வரை திரும்பவில்லை. அடுத்த நாள் காலை, மூக்கில் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு எரித்தேன். தண்ணீரின் சூடு முன்பு நின்ற இடத்தைத் தாண்டி ஏறியது. மேலும் ஏறியது. தனியாக நின்று சிரித்தேன்.

தேறிவிட்டது என்று போனில் சொன்னேன். அறிக்கை எப்போது கிடைக்கும், லாரி எத்தனை நடை அடிக்கும் என்றெல்லாம் அவர் கேட்கவில்லை.

"அப்ப நான் ஊருக்குப் போய்க் கூட்டிட்டு வந்துடட்டுமா மேடம்?"

"மொதல்ல குவியல அனுப்புங்க," என்றேன். "அப்புறம் ஒருத்தரா போயி மூணு பேரா வாங்க."